விசயதசமியன்று கிளம்பாத கார்

1943ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இருபத்தைந்தாம் நாள், சனிக்கிழமை. முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் தொண்டை வற்றக் கத்தி ஓய்வுபெற்ற ஒருவருடைய காரைத் தொட முடியாது என்று, தருமபுரியில் கார் பிரிக்கத் தெரிந்த ஒரே மெக்கானிக் அன்று மறுத்துவிட்டான். குறை இதுதான். இதற்கு முன்னுரை தேவையில்லை.

மறுத்தவன் முனிராஜ். மறுக்கப்பட்டவர் அதியமான்கோட்டைத் தீர்த்தகிரி வாத்தியார். முனிராஜ் ஐந்தாம் வகுப்பில் அவரிடம் படித்தவன். படித்தவன் என்பது உபசாரம். உட்கார்ந்திருந்தவன் என்பதே பொருந்தும்.

“பாருங்க ஐயா, மூணு பஸ்ஸு நிக்குது. அத்தனைக்கும் கரியடுப்பு மாட்டணும். உங்க கார்பரேட்டர இப்பப் பிரிச்சன்னா தீவாளி கழிச்சுத்தான் மூடுவேன்” என்றான் அவன், பஸ்ஸுக்கு அடியில் படுத்தபடியே.

“ஒன்பதாம் தேதி எனக்குக் கார் ஓட வேண்டும்.”

“அப்ப நீங்களே பிரிச்சிக்குங்க. பொஸ்தகம் வச்சிருக்கீங்கல்ல? படிச்சவனால முடியாதது ஒண்ணுமே இல்லன்னு எங்களுக்குச் சொல்லிச் சொல்லி அடிச்சது நீங்கதானுங்க.”

பஸ்ஸின் மறுபக்கம் யாரோ சிரித்தார்கள். தீர்த்தகிரி குடையை விரித்துக்கொண்டு வெளியேறினார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. அந்த நேரத்தில் கைக்கு ஏதேனும் ஒரு வேலை தேவைப்பட்டது.

ஒன்பதாம் தேதிக்குக் காரணம் சர்க்கார் அறிவிப்பு. போர் வந்ததிலிருந்து பெட்ரோல் கூப்பனுக்கு மட்டுமே கிடைத்தது. அக்டோபர் ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்குத் தனியார் கார்கள் யாவும் தருமபுரிப் பயணியர் பங்களாவின் முன் தம் சொந்த ஓட்டத்தில் வந்து நிற்க வேண்டும். தள்ளிக்கொண்டோ மாடு பூட்டி இழுத்தோ கொண்டுவரப்படும் கார்களின் கூப்பன் புத்தகம் ரத்தாகும். ரத்தானது போர் முடியும்வரை திரும்பக் கிடைக்காது.

போனால் போகட்டும் என்று விட்டிருப்பார். தீர்த்தகிரிக்குக் கால்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் அவருடைய மனைவி சாலம்மாளுக்கு இளைப்பு நோய். மகள் கண்ணம்மாளை இண்டூரில் கொடுத்திருந்தார்கள். இண்டூர்ப் பஸ்ஸோ பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவால் ஓடுவதற்காகப் பின்புறம் கரியடுப்பைச் சுமந்துகொண்டு, முன்னால் போவதை விடப் பின்னால் புகைவதையே முதன்மைத் தொழிலாகக் கொண்டிருந்தது. வைகாசியில் ஒருமுறை அதில் போய்த் திரும்பிய சாலம்மாள், மூன்று நாள் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே மூச்சு வாங்கினாள். அதற்குப் பிறகு மகளைப் பார்க்கவில்லை. கூப்பன் புத்தகம் போய்விட்டால், போர் எப்போது முடியுமோ அப்போதுதான் பார்ப்பாள். உலகப் போரின் முடிவு தீர்த்தகிரியின் கையில் இல்லை. கார்புரேட்டர் இருந்தது.

கார் என்பது, ஏற்காட்டிலிருந்து ஊர் திரும்பிய தோட்டக்காரத் துரை ஒருவர் விட்டுச் சென்ற பழைய நான்கு சிலிண்டர் வண்டி. அதனோடு ஆங்கிலக் கையேடு ஒன்றும் வந்தது. ஐந்து ஆண்டுகளாக ஒழுங்காக ஓடிய கார், சித்திரை பிறந்ததிலிருந்து நின்ற இடத்தில் பெட்ரோலைச் சொட்டியது, கறுப்பாகப் புகைந்தது, அரை மைலுக்கு ஒருமுறை திணறி நின்றது. கார்புரேட்டரைக் கழற்றிச் சீர்செய்ய வேண்டும் என்பதில் கையேட்டுக்கும் முனிராஜுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

தீர்த்தகிரி வீட்டிலும் அச்சுத் தமிழிலேயே பேசுபவர். அன்று மாலை கார்ப்பட்டறையாக மாறிய முன்னறையில் நின்று அறிவித்தார்: “சாலம்மா, இந்த அறையில் உள்ள எதையும் யாரும் தொடக் கூடாது. இவை அடுக்களைப் பாத்திரங்கள் அல்ல.”

“நான் எதுக்குங்க தொடறேன்? அந்த நாத்தத்துக்கு வாசப்படி தாண்டவே முடியல” என்றாள் சாலம்மாள்.

திங்கட்கிழமை கார்புரேட்டர் கழன்று வந்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பித்தளைச் சொம்பு. அதற்குள் இத்தனை சாமான்கள் இருக்கும் என்று வெளியிலிருந்து பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். தீர்த்தகிரி ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழைய வேட்டியில் பரப்பினார். பத்தொன்பது உறுப்புகள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு வரிசை எண் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயரிட்டார். பெட்ரோலின் மட்டத்தைக் காக்கும் உள்ளீடற்ற குண்டு, மிதவை. அது மேலெழும்போது வழியை அடைக்கும் முள், ஊசி. பெட்ரோலைச் சன்னமாகப் பீய்ச்சும் ஓட்டையுள்ள சிறு பித்தளைத் திருகுகள் இரண்டு; பெரியது ஒன்று, சிறியது ஒன்று. உலகம் அவற்றை ஜெட் என்கிறது. அவர் பீற்றுமுளை என்று எழுதினார். எழுதிவிட்டுச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்து மகிழ்ந்தார். கார் ஓடவில்லை என்பது அந்த நேரத்தில் நினைவில் இல்லை.

அவர் மனத்துக்குள் நடந்ததெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு விடை உண்டு. ஐம்பத்தாறு ஆண்டுகள் அவரோடு ஒரே சட்டைக்குள் குடியிருந்தவனுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்?

நோயைக் கண்டுபிடித்தது என்னவோ அவர்தான். அந்தப் பெருமையை அவரிடமிருந்து பிடுங்க வேண்டியதில்லை. மிதவையைக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே ‘களக்’ என்றது. வெந்நீரில் அமிழ்த்தினார். ஓரத்திலிருந்து குமிழிகள் கிளம்பின. ஊசி முனையளவு ஓட்டை. அதன் வழியே பெட்ரோல் புகுந்து மிதவை கனத்துப்போய் மூழ்கியதால்தான் வழி அடைபடாமல் பெட்ரோல் பொங்கியது. கடன்பட்டவன் போலத் தலை தூக்காமல் கிடந்த அந்தப் பித்தளைக் குண்டைப் பார்த்து, “அகப்பட்டாயா?” என்று வாய்விட்டே சொன்னார்.

பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் காளியப்பன் நல்லம்பள்ளிச் சந்தைக்கு வந்திருந்தான். மிதவையை வாங்கியவன் முதலில் மோந்து பார்த்தான்.

“என்னுங்க வாத்தியாரே, உள்ள பெட்ரோலு இருக்குது! இத நெருப்புல காட்டச் சொல்றீங்க. என் மீசை மேல உங்களுக்கு ஏதாச்சும் வருத்தமுங்களா?”

“வெந்நீரில் போட்டால் ஆவியாகிவிடும் என்று கையேடு கூறுகிறது.”

“கையேடு கூறும். மீசை எம்பட மொகத்துலல்ல இருக்குது.”

இரண்டு முறை வெந்நீரில் கொதிக்கவிட்டு, மோந்து, மறுபடி மோந்து, தலையைத் திருப்பிக்கொண்டு ஒரு சொட்டு ஈயம் வைத்தான். மிதவை மிதந்தது. தீர்த்தகிரி பிறந்த குழந்தையைப் போல அதை மேல்துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் வைக்கும் பழைய அட்டை கிழிந்திருந்தது. புதியது வாங்கச் சேலத்துக்குத்தான் போக வேண்டும். தடித்த காகிதம் தேடியபோது, பதினோர் ஆண்டுகள் உழைத்து எழுதி, அச்சிட யாரும் முன்வராத தம்முடைய இலக்கணச் சுருக்கத்தின் மேலட்டை கண்ணில் பட்டது. அதைக் கத்தரித்துப் பொருத்தினார். கச்சிதமாகப் பொருந்தியது. அந்த நூல் யாருக்காவது பயன்பட்டது அதுவே முதல்முறை.

அடுத்த வாரப் புதன்கிழமை மாலைக்குள் எல்லாம் கழுவித் துடைத்தாயிற்று. இரண்டு பீற்றுமுளைகளையும் வானத்தை நோக்கிப் பிடித்து, துளையில் வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. நோட்டில் அவற்றுக்கு நேராக ‘சரி’ என்று சிவப்பு மையில் குறித்தார். பத்தொன்பது உறுப்புகளுக்கும் பத்தொன்பது ‘சரி’. முழு மதிப்பெண். அப்போதே மாட்டியிருக்கலாம். ஆனால் மறுநாள் சரசுவதி பூசை. ஆயுதங்கள் அனைத்தும் விளக்கின் முன் அடுக்கப்பட்டு ஒருநாள் தொடாமல் இருக்க வேண்டிய நாள். வெள்ளிக்கிழமை விசயதசமி. அன்று காலை மாட்டி அன்றே ஓட்டினால் தொட்டது துலங்கும் என்று கணக்குப் போட்டார். சனிக்கிழமை சோதனை.

பூசையன்று சாலம்மாள் புத்தகங்களையும் அரிவாளையும் அரிவாள்மனையையும் அடுக்கிக்கொண்டே கேட்டாள்: “அந்தச் சாமானுங்களையும் வெக்கோணுங்களா?”

“வைக்க வேண்டுமா என்றா கேட்கிறாய்? இன்றைய தேதியில் இந்த வீட்டின் ஆயுதமே அதுதான்.”

“அப்பப் பொட்டு வெச்சு நான் அடுக்கறேன், குடுங்க.”

“நீ தொட்டால் வரிசை கலையும். நானே வைக்கிறேன்.”

வாழையிலையில் பத்தொன்பதையும் எண் வரிசைப்படி அடுக்கினார். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பொட்டு. அதன் நடுவில் குங்குமம். பெரிய உறுப்புகளுக்கு எங்கே வைப்பது என்பதில் சிக்கல் இல்லை. நுனியில் துளையுள்ள சிறிய உறுப்புகளுக்கு நெற்றி எது? துளை உள்ள இடந்தான் முகம் என்று தீர்மானித்தார். அந்தத் தீர்மானத்தில் அவருக்கு ஐயமே எழவில்லை. ஐயம் எழாத மனிதர்கள் என்னென்ன செய்வார்கள் என்பதற்கு ஐரோப்பாவைப் பார்க்க வேண்டியதில்லை. அதியமான்கோட்டைக்கு வந்தாலே போதும்.

விசயதசமி காலை மறுபூசை முடிந்தது. பொட்டுகளை ஈரத் துணியால் துடைத்தார். துளைகளை மீண்டும் வெளிச்சத்தில் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? நோட்டில் ‘சரி’ என்று இருந்தது. ஒருமுறை திருத்திய விடைத்தாளை அவர் வாழ்நாளில் மறுமுறை திருத்தியதில்லை.

ஒன்பது மணிக்குக் கார்புரேட்டர் ஏறி உட்கார்ந்தது. அந்த நேரத்துக்கு வாசலில் மூன்று தகப்பன்மார் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். தட்டில் அரிசி பரப்பிக் குழந்தையின் விரலைப் பிடித்து முதலெழுத்து எழுதுவிக்க, ஒவ்வொரு விசயதசமிக்கும் அவரிடந்தான் வருவார்கள்.

“ஒரு நிமிடம். கார் கிளம்பியதும் எழுதலாம்” என்றார் தீர்த்தகிரி.

முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினார். கார் இருமியது. மறுபடி சுழற்றினார். இருமவும் இல்லை. பத்தாவது முறை கைப்பிடி எதிர்த்து உதைத்தது.

“அய்யோ ஆத்தா!”

முப்பத்து நான்கு ஆண்டு அச்சுத் தமிழ் அந்த ஓர் உதையில் கழன்று விழுந்தது. குழந்தைகள் அழத் தொடங்கின. தகப்பன்மார் அவற்றைச் சாலம்மாளிடம் விட்டுவிட்டு, காரைச் சேலம் சாலையின் இறக்கம்வரை தள்ளினார்கள். இறக்கத்தில் இரண்டு முறை வெடித்தது, பின்பு ஓய்ந்தது. திரும்ப மேட்டில் தள்ளினார்கள். பதினொரு மணிக்கு, கிரீசு பூசிய விரல்களால் குழந்தைகளின் விரல்களைப் பிடித்து அவர் ‘அ’ எழுதுவித்தார். அரிசி கறுத்தது. “ஐயா, எழுத்து நல்லா எடுப்பாத் தெரியுதுங்க” என்றார் ஒரு தகப்பன், மூச்சு வாங்கிக்கொண்டே.

தீர்த்தகிரியிடம் குற்றவாளிகளுக்குப் பஞ்சம் இல்லை. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்த கடைக்காரன் முதலாமவன். ஈயத்தைக் கூடுதலாக வைத்த காளியப்பன் இரண்டாமவன். கையேட்டில் ஒரு பக்கத்தில் செயப்பாட்டு வினையாக எழுதி, எதை யார் செய்ய வேண்டும் என்று சொல்லாமல் விட்ட வெள்ளைக்காரன் மூன்றாமவன். பிற்பகலில் நான்காமவன் சைக்கிளில் வந்து இறங்கினான்.

“காரு தள்ளறாங்கன்னு பஸ்டேண்டு வரைக்கும் சேதி வந்துடுச்சுங்க” என்றான் முனிராஜ். “கார்பரேட்டர் வாயில கொஞ்சம் பெட்ரோல ஊத்துனா ரெண்டு வெடி வெடிச்சு நின்னுருதுங்களா?”

“ஆம்.”

“அப்ப உள்ளருந்து வரல. ஜெட்ட வெளிச்சத்துல பாத்தீங்களா?”

தீர்த்தகிரி உள்ளே போய் நோட்டைக் கொண்டுவந்து விரித்து, சிவப்பு மையைச் சுட்டிக் காட்டினார். “பீற்றுமுளை. எண் பதினொன்று, பன்னிரண்டு. சரி என்று எழுதியிருக்கிறதா, இல்லையா?”

முனிராஜ் நோட்டைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். ஐந்தாம் வகுப்பில் சிவப்பு மையை எதிர்த்துப் பேசி வாங்கிய அடி நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“நீங்க சரின்னு போட்டா சரிதாங்க, ஐயா” என்று சொல்லிச் சைக்கிளில் ஏறினான்.

சனிக்கிழமை விடிந்தது. தீர்த்தகிரி இருட்டு பிரியும்போதே எழுந்து கார்புரேட்டரை மறுபடி கழற்றிப் பரப்பியிருந்தார். பரப்பினாரே ஒழிய, அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. மணி ஏழு. தருமபுரிக்கு ஐந்து மைல். சாலம்மாள் காப்பியோடு வாசற்படியில் நின்றாள். இண்டூருக்குக் கொண்டுபோகவென்று அவள் சுட்டு வைத்திருந்த முறுக்கின் வாசனை, பெட்ரோலையும் மீறி அறைக்குள் வந்தது.

“சாலம்மா” என்றார். “கார் ஓடாது. கூப்பன் போய்விடும். நீ கண்ணம்மாளைப் பார்க்க...” வாக்கியம் முடியவில்லை. எழுவாய் இருந்தது, பயனிலை வரவில்லை.

அவள் காப்பியைக் கீழே வைத்தாள். “இப்பத் தொடலாமுங்களா?”

“தொடு.”

உள்ளே வந்து உட்கார்ந்தவள், பரப்பியிருந்தவற்றில் பெரிய பீற்றுமுளையை நேராக எடுத்தாள். “இது நம்ம பம்ப் ஸ்டவ்வு நிப்பிளு மாதிரி இருக்குதுங்களே” என்று சொல்லி, சன்னல் பக்கம் திரும்பி ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். “ஒண்ணும் தெரியல. இருட்டு.”

“அது எப்படி? புதன்கிழமை நானே...”

“புதங்கெழமை தெரிஞ்சிருக்கும். இன்னிக்குச் சனிக்கெழமைங்க.”

எழுந்து அடுக்களைக்குப் போனாள். மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஆறு மாதமாக ஓய்ந்திருந்த ஸ்டவ்வுக்கு அடியிலிருந்து, அடைப்பெடுக்கும் ஊசியை எடுத்து வந்தாள். தகரப் பிடியும், முனையில் மயிரிழை போன்ற ஒரு கம்பியும். துளையில் விட்டு மெல்லத் திருகினாள். மஞ்சளாக ஏதோ ஒன்று கடுகளவு அவள் உள்ளங்கையில் விழுந்தது. மூக்கருகே கொண்டுபோனாள்.

“சந்தனமுங்க.”

அவள் சிறிய முளையையும் எடுத்துத் திருகினாள். அதிலிருந்து சந்தனத்தோடு குங்குமமும் வந்தது.

“நல்லா மங்களகரமாத்தான் அடைச்சிருக்குது” என்றாள்.

கடைக்காரன், காளியப்பன், வெள்ளைக்காரன், முனிராஜ் ஆகிய நால்வரும் ஒரே நேரத்தில் விடுதலையாகித் தம்மை விட்டு வெளியேறுவதைத் தீர்த்தகிரி உணர்ந்தார். அறை காலியாயிற்று. குற்றவாளிக் கூண்டில் ஒருவர் மட்டும் நின்றார், விரலில் சந்தன வாசனையோடு.

அவள் எடுத்துக் கொடுக்க அவர் பொருத்தினார். நடுவில் ஒருமுறை, மிதவையின் ஊசியைக் காட்டி, “அந்த ஊசி தலைகீழா இருக்குதுங்க” என்றாள். இருந்தது. எட்டே முக்காலுக்குக் கைப்பிடியைச் சுழற்றினார். மூன்றாவது சுழற்சியில் கார் பிடித்துக்கொண்டது. புகை கறுப்பாக இல்லை. அடியில் சொட்டவும் இல்லை. தீர்த்தகிரி அப்படியே நின்றார். “ஏறுங்க, மணியாவுது” என்று முறுக்குத் தூக்கோடு முன்னிருக்கையிலிருந்து குரல் வந்தது.

பயணியர் பங்களா முன்பு பதினான்கு கார்கள் நின்றன. ரேஷன் ஆபீசர் மரத்தடியில் நாற்காலி போட்டுப் பேரேடு ஒன்றில் எழுதிக்கொண்டிருந்தார். வாடிக்கைக்காரர் ஒருவரின் காரோடு முனிராஜும் வந்திருந்தான். அவன் தீர்த்தகிரியின் எஞ்சினருகே குனிந்து காது கொடுத்துக் கேட்டான்.

“சத்தம் சுத்தமா இருக்குது. எங்கிங்க ஐயா இருந்துச்சு?”

தீர்த்தகிரி சொன்னார். சந்தனத்திலிருந்து தொடங்கி, ‘சரி’ என்ற சிவப்பு மை வழியாக, ஸ்டவ் ஊசிவரைக்கும், ஓர் அடைப்புக்குறி விடாமல் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முனிராஜ் மட்டும் சிரிக்காமல் சாலம்மாளின் பக்கம் திரும்பினான்.

“ஏனுங்காத்தா, நம்ம பட்டறைக்கு வந்துடறீங்களா?”

“வந்துடலாம் தம்பி. உங்க கரிப்பொகதான் எனக்கு ஆகாது.”

ஆபீசர் பேரேட்டைத் திருப்பினார். “பழுது நீக்கியவர் யாருங்க?”

“என் மனைவி சாலம்மாள்.”

“வெளாட்டுக்கு நேரமில்லீங்க” என்றார் ஆபீசர். எழுதினார். பேரேட்டைத் திருப்பி நீட்டினார். ‘உரிமையாளர் தாமே பழுது நீக்கினார்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. இலக்கணப் பிழை ஏதும் இல்லை. உண்மை மட்டும் இல்லை.

“ஐயா, இது பொய். திருத்துங்கள்.”

“பின்னாடி பத்துக் காரு நிக்குது. ஸ்டவ் ஊசின்னு எழுதினா எங்க மேலதிகாரி என்னத்தான் வூட்டுக்கு அனுப்புவாரு. உங்களுக்குக் கூப்பன் வேணுமா, வேண்டாமா?”

தீர்த்தகிரி காரைத் திரும்பிப் பார்த்தார். சாலம்மாள் முறுக்குத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, இண்டூர்ச் சாலை பிரியும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஐந்து மைல் வந்தும் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.

ஒரு சொல் பிறழ்ந்தாலும் பிள்ளைகளை நூறு முறை எழுத வைத்தவர், அந்தப் பொய்யின் கீழே தம் முழுப்பெயரையும் தெளிவாக எழுதிக் கையொப்பமிட்டார். கூப்பன் புத்தகம் கைக்கு வந்தது. அவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும், “என்னுங்க எழுதினாங்க?” என்று கேட்டாள் சாலம்மாள். அவர் சொன்னார். “அட, அது கெடக்குது. பாத்து ஓட்டுங்க, மாடு குறுக்க வருது” என்றாள். பதினொன்றரை மணிக்கு இண்டூரில் கண்ணம்மாள் கேழ்வரகு வயலிலிருந்து கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தாள்.

சாலம்மாள் அதை விட்டுவிட்டாள், விடக்கூடியவள். ஆனால் அந்தப் பேரேடு இன்னும் ஏதோ ஓர் அலமாரியில் இருக்கிறது. ஊரிலும் ‘வாத்தியாரே பிரிச்சு மாட்டுன காரு’ என்றுதான் பேச்சு. ஆகவே, இதைப் படித்து முடித்த நீங்கள் சும்மா எழுந்து போகக் கூடாது. அந்த வாக்கியத்தை யார் உங்களிடம் சொன்னாலும், பெரியவர் என்றும் பாராமல் அங்கேயே நிறுத்துங்கள். ‘பழுது நீக்கியவர் சாலம்மாள்; பழுது செய்தவர் தீர்த்தகிரி’ என்று திருத்தி, அப்படிச் சொன்னவரையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள்.